கராத்தேயா சிலம்பமா: பிள்ளைக்கு ஒழுக்கமும் தைரியமும் வகுப்பில் எப்படி வருகின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். எட்டு வயது மகள் வீட்டுக்குள் வாயாடி, வெளியே போனால் கடைக்காரரிடம் ஒரு பென்சில்கூடக் கேட்க மாட்டாள். ஆறு வயது மகனுக்கு ஐந்து நிமிடம் ஓரிடத்தில் கால் நிற்காது. பக்கத்துத் தெருக்களில் ஒரு கராத்தே வகுப்பும் ஒரு சிலம்ப வகுப்பும் நடக்கின்றன. எதில் சேர்த்தால் மகனுக்கு ஒழுக்கமும் மகளுக்குத் தைரியமும் வரும், எவ்வளவு நாளில் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கலை என்பது இதில் சின்ன விஷயம். ஒரு வகுப்பில் என்ன நடந்தால் பிள்ளையிடம் இந்த இரண்டும் உண்டாகும், அது அங்கே நடக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. இரண்டு கலைகளிலும் சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவர் என்ற முறையில் சொல்கிறேன். மருத்துவமோ உளவியலோ என் படிப்பு இல்லை; அந்த எல்லை வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கராத்தே என்ற பெயருக்குள்ளேயே ஒழுக்கம் அடங்கியிருப்பதுபோல விளம்பரப் பலகைகள் பேசும். ஆனால் ஒரே கட்டாவை, அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடரை, இரண்டு மாஸ்டர்கள் சொல்லித்தர, ஒரு வகுப்பிலிருந்து நிதானமான பிள்ளைகளும் இன்னொன்றிலிருந்து அடாவடிப் பிள்ளைகளும் வெளியே வருவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று குழந்தைகள் செய்யும் கராத்தேயே பள்ளிக்கூடத்துக்காக மாற்றி அமைக்கப்பட்டது. ஜப்பானின் ஒகினாவாவில் இட்டோசு அங்கோ என்ற கராத்தே ஆசிரியர் 1900களின் தொடக்கத்தில் அதைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனபோது, பழைய நீளமான கட்டாக்கள் மாணவர்களுக்குச் சுமை என்று பினான் எனப்படும் ஐந்து சிறிய கட்டாக்களை அமைத்தார். ஷோட்டோகான் என்ற கராத்தேப் பாணியின் வகுப்புகளில் ஹெய்யான் என்று சொல்லித்தருவது அவற்றைத்தான். முதலில் கற்கும் ஹெய்யான் ஷோடானில் மொத்தம் 21 அசைவுகள். எட்டு வயதுப் பிள்ளை ஒரு வாரத்துக்கு நான்கைந்து அசைவு என்று போனால் ஒன்றரை மாதத்தில் முழுக் கட்டாவும் உடம்பில் ஏறிவிடும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிய வேண்டும் என்பதால், எங்கோ ஓர் அடி தப்பினால் கடைசியில் நிற்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வேலை, முடிவு தெரிகிற வேலை, சரியா தப்பா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை. அதைத் திரும்பத் திரும்பச் செய்ய ஓர் இடம், ஒரு நேரம், பார்த்துத் திருத்த ஓர் ஆள். ஒழுக்கத்துக்கான மூலப்பொருள் அவ்வளவுதான்.

சிலம்பத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நல்ல வாத்தியார் முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்துவிட மாட்டார். தரையில் கோடு கிழித்து, எந்தக் கால் நகர்கிறது, எந்தக் கால் ஊன்றி நிற்கிறது என்று வெறுங்கையோடு இரண்டு மூன்று வாரம் காலடி மட்டும் போகும். பிறகுதான் கம்பு. பெரியவர்களுக்குப் பல பரம்பரைகளில் நெற்றி மட்டத்துக்குக் கம்பு அளப்பார்கள். எட்டு வயதுக்கு நாலடிப் பிரம்பு போதும். பிடித்தால் கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட வேண்டும், அதைவிடப் பருமன் ஆகாது. நடுவில் பிடித்து ஒரு கையால் பக்கவாட்டில் சுற்றுவதில் ஆரம்பிக்கும். பிள்ளை வேகமாகச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று அவசரப்பட்டால் ஐந்து விரலும் கம்பை நெரிக்கும், மணிக்கட்டு திரும்பாது, தோளிலிருந்து கை சுற்றும், கீழ் முனை கணுக்காலில் வந்து டக்கென்று விழும். இல்லையென்றால் மேல் முனை முழங்கையைத் தட்டும். வாத்தியார் திட்ட வேண்டியதே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடியாக இருந்து, மற்ற மூன்று விரல்களும் திறந்து திறந்து மூடினால் கம்பு இலகுவாகத் திரும்பும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால்தான் அந்த விரல் வேலை வரும். அடுத்த கைக்கு மாற்றும்போது இதே பாடம் முதலிலிருந்து. இடது கையில் எல்லோரும் தடுமாறுவார்கள் என்பதால், வலது கையில் கெட்டிக்காரனாக இருந்த பையனும் கூச்சப்படுகிற பெண்ணும் அன்றைக்கு ஒரே நிலைக்கு வந்துவிடுவார்கள். தன் அவசரத்தின் விலையைக் கணுக்காலில் உடனே பார்க்கிற பிள்ளைக்கு, ‘பொறுமையாகச் செய்’ என்ற அறிவுரை தனியாகத் தேவைப்படுவதில்லை.

போட்டியும் அதே வழியில்தான் போகும். சிலம்பத்தில் கம்பால் எதிராளியைத் தொட்டால் புள்ளி. ஓங்கி அடிப்பது கெட்டிக்காரத்தனமாகக் கருதப்படாது. வேகமாக வரும் கம்பைத் தொட்ட மாத்திரத்தில் நிறுத்தத் தெரிந்தால்தான் ஆட்டம். கராத்தேயிலும் சிறுவர் போட்டியில் முகத்தில் பலமாக இடித்தால் எச்சரிக்கை, தண்டனை என்று போகும். முழு வேகத்தில் போய்க் கடைசி அங்குலத்தில் நிற்பது என்ற திறமைதான் உங்கள் மகனுக்கு வேண்டியது.

அவனைப் போன்ற பிள்ளைகளிடம் ‘ஆடாமல் நில்’ என்று கேட்பது வீண். ஓடவிட்டு நிறுத்தப் பழக்க வேண்டும். ஆறு வயது வகுப்பில் நன்றாக வேலை செய்யும் முறை ஒன்று: ‘ஹாஜிமே’ என்றால் எல்லோரும் ஓட வேண்டும், ‘யாமே’ என்றால் எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ அப்படியே உறைய வேண்டும். முதல் வாரம் இரண்டு விநாடி உறைந்தால் போதும். பிறகு ஐந்து, பிறகு பத்து. அடுத்த கட்டத்தில் மாஸ்டர் வேண்டுமென்றே ‘யானை’ என்பார். ‘யா’ என்ற எழுத்தைக் கேட்டதும் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே வரிசைக்குப் பின்னால் போவார்கள். முழுச் சொல்லையும் கேட்டுவிட்டு உடம்பை அசைப்பது அப்படித்தான் பழக்கமாகிறது. சிலம்ப வகுப்பில் இதையே தமிழில் ‘நில்’, ‘நிமிர்’ என்று செய்யலாம். ஒரு வேளைக்கு ஐந்தாறு நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் விளையாட்டு சலித்து, நிற்காதவனைத் திட்டுகிற வேலையாக முடியும்.

ஆறு, ஏழு வயதுக்கு மொத்த வகுப்பே முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரம் தாங்கும். அந்த நேரத்தில் பிள்ளை எவ்வளவு நேரம் அசைகிறது என்பதே கணக்கு. பல வகுப்புகள் கெடுவது வரிசையில் காத்திருக்க வைப்பதால்தான். ஒரே ஒரு உதை மெத்தை, எதிரில் இருபது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு உதை, பிறகு வாலில் போய் நில் என்றால், உங்கள் மகன் மூன்றாவது நிமிடத்தில் முன்னால் நிற்பவனின் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருப்பான். அதை ஒழுங்கீனம் என்று சொல்லி அவனைத் தண்டிப்பார்கள். குற்றம் வரிசையில் இருக்கிறது. சிலம்பத்தில் இடமும் சேர்ந்துகொள்ளும். நாலடிக் கம்பை நடுவில் பிடித்துக் கையை நீட்டினால் பிள்ளையைச் சுற்றி நாலடி காலியாக இருக்க வேண்டும், அதாவது ஆளுக்கு எட்டடி அகல வட்டம். 24 அடிக்கு 24 அடி மொட்டை மாடியில் ஒரே நேரத்தில் ஒன்பது பேர்தான் பாதுகாப்பாகச் சுற்ற முடியும். அதே மாடியில் இருபத்தைந்து பேர் சுற்றுவதைப் பார்த்தால் படி இறங்கிவிடுங்கள்.

ஒழுக்கம் என்று நாம் சொல்வதில் பயத்தால் வரும் அடக்கமும் கலந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வகுப்பு நடக்கும்போது மாஸ்டருக்குப் போன் வந்து அவர் இரண்டு நிமிடம் வெளியே போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவர் தலை மறைந்ததும் களேபரம் என்றால், அதுவரை பார்த்தது அவர் கையிலிருந்த பிரம்பின் வேலை. பாதிப் பேராவது தாங்களே எண்ணிச் செய்துகொண்டிருந்தால், பெரிய பிள்ளைகள் சின்னவர்களைத் திருத்திக்கொண்டிருந்தால், அங்கே ஏதோ நடக்கிறது. தோப்புக்கரணம், தண்டால் போன்றவற்றைத் தண்டனையாகக் கொடுப்பது இங்கே சர்வசாதாரணம். இதில் எனக்கு உடன்பாடில்லை. உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பழக்கினால் பிள்ளை உடற்பயிற்சியையே வெறுக்கும். அடி கொடுக்கும் வகுப்பைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். கூச்சமுள்ள பிள்ளைக்குத் தைரியம் வருவதற்குப் படிக்கட்டு வேண்டும், அதில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சமே உயரமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் நிற்கட்டும். முதல் வரிசையில் நிறுத்தினால் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும், கடைசி வரிசையில் நிறுத்தினால் ஒளிந்துகொள்வாள். அடுத்து, எல்லோரும் சேர்ந்து இச்சி, நி, சான் என்று எண்ணும்போது குரல் சேர்க்க வேண்டும். கூட்டத்தோடு கத்துவது கூச்சக்காரர்களுக்குப் பெரிய விடுதலை. பிறகு, மற்றவர்கள் உதைக்க மெத்தையைப் பிடிப்பது. இதை மாஸ்டர்கள் பலர் சாதாரண வேலையாக நினைக்கிறார்கள், ஆனால் உதை வரும்போது கண்ணை மூடாமல், பின்வாங்காமல் ஊன்றி நிற்பது உதைப்பதைவிட அதிக தைரியத்தைக் கேட்கிறது. மெத்தையை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், ஒரு கால் பின்னால், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் உதையில் மெத்தை முகத்தில் அடிக்கும், அத்தோடு அவள் ஒரு மாதம் பின்னால் போய்விடுவாள். அதற்கும் பிறகு, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து கட்டா செய்து காட்டுவது. கடைசியில் தனியாக ஒரு வரிசைக்கு எண்ணிக்கொடுப்பது. ஒரு படிக்கு இரண்டு மூன்று வாரம் என்று வைத்தால் மூன்று, நான்கு மாதத்தில் அவள் பத்துப் பேருக்குக் குரல் கொடுப்பாள். இதைக் கெடுக்கும் வழி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: சேர்ந்த ஒரு மாதத்தில் ஆண்டுவிழா மேடையில் ஏற்றுவது, அல்லது பெற்றோர் சுவரோரம் நின்று “கத்து, நல்லா சத்தமா கத்து” என்று நச்சரிப்பது. குரல் மூச்சை விடும்போது வயிற்றிலிருந்து வர வேண்டும். தொண்டையிலிருந்து கத்தச் சொன்னால் இருமல்தான் வரும்.

பாராட்டும் குறிப்பாக இருக்க வேண்டும். “சூப்பர், வெரிகுட்” என்று எல்லோருக்கும் வழங்கினால் கூச்சமுள்ள பிள்ளை அதை நம்பாது, அவர்கள் கூர்மையானவர்கள். “இன்றைக்குத் திரும்பும்போது பின்னங்கால் குதிகால் தரையை விட்டு எழவில்லை” என்று சொன்னால் நம்புவாள், ஏனென்றால் அவளே அதைச் சரிபார்க்க முடியும். ஆசிரியர் சொன்னதால் வரும் நம்பிக்கை வீடு போவதற்குள் போய்விடும். நேற்று முடியாதது இன்று முடிந்தது என்று கண்ணால் பார்த்தால் அது அவ்வளவு சுலபமாகப் போகாது. பத்து முயற்சியில் ஏழெட்டு வெற்றி, இரண்டு மூன்று தோல்வி என்ற அளவில் பயிற்சியின் கடினத்தை வைத்திருப்பது நடைமுறையில் நன்றாக ஓடும் கணக்கு. பத்துக்குப் பத்து வந்தால் சலிப்பு, பாதிக்கு மேல் தவறினால் அழுகை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஜூடோவைப் பற்றி இரண்டு வரி. ரொம்பப் பயந்த பிள்ளைக்கு, அருகில் முறையான மெத்தை வசதியோடு ஜூடோ வகுப்பு இருந்தால் அதையும் பாருங்கள். 1882இல் அதைத் தொடங்கிய கானோ ஜிகோரோ அடிப்படையில் கல்வியாளர். அங்கே முதல் பாடமே விழுவது. மல்லாக்க விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்டி, கண் தன் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும், கைகள் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி உள்ளங்கையால் மெத்தையைத் தட்ட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும், தலையைத் தூக்காவிட்டால் பின்மண்டை இடிக்கும். குந்திய நிலையிலிருந்து ஆரம்பித்து, பிறகு நின்ற நிலை, பிறகு ஒருவர் தள்ள. விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று முதுகுக்குத் தெரிந்துவிட்ட பிள்ளை சைக்கிளிலும் விளையாட்டுத் திடலிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இதெல்லாம் ஆராய்ச்சியில் நிற்கிறதா என்றால், ஓரளவுக்கு. அமெரிக்காவில் லேக்ஸ், ஹோய்ட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஒரு பள்ளியின் பிள்ளைகள் 207 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான உடற்கல்வியும் இன்னொரு பகுதிக்கு டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையும் மூன்று மாதம் கொடுத்தார்கள். டேக்வாண்டோ பிள்ளைகளிடம் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் வகுப்பறை நடத்தையும் கூடுதலாக முன்னேறின. அங்கே பிள்ளைகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளப் பழக்கப்பட்ட மூன்று கேள்விகள் உண்டு: நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும். உதையைவிட அந்தக் கேள்விகளுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் ஊகம். ஆய்வு அதைத் தனியாகப் பிரித்துக் காட்டவில்லை. ட்ரல்சன் என்ற ஆய்வாளர் 1986இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியமானது. வம்புதும்புக்குப் போகும் வளரிளம் பையன்களில் ஒரு பிரிவுக்கு வணக்கம், தியானம், நெறிமுறைகளோடு மரபான டேக்வாண்டோ. இன்னொரு பிரிவுக்குச் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும் போல வேறு உடற்பயிற்சி. ஆறு மாதத்தில் முதல் பிரிவின் ஆவேசம் குறைந்தது, சண்டை மட்டும் கற்ற பிரிவில் கூடியது. முப்பத்துச் சொச்சம் பேரை மட்டும் வைத்துச் செய்தது என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நார்வேயில் எண்ட்ரெசன், ஓல்வேயஸ் 2005இல் வெளியிட்டது எதிர்த் திசையில் போகிறது: குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்காசியத் தற்காப்புக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட சிறுவர்களிடம் சமூக விரோத நடத்தை கூடியதாக. நாலையும் ஒரே மூட்டையில் கட்டியது அதன் குறை. ஆனாலும் எல்லா வகுப்பும் எல்லாப் பிள்ளையையும் நல்லவனாக்கும் என்று சொல்பவர்களுக்கு அது போதுமான பதில்.

ஆக, உடல் சமநிலை, கைகால் ஒருங்கிணைவு, மூச்சு, கற்றுக்கொண்ட திறமையில் பெருமை, இவை வாரம் இரண்டு மூன்று வகுப்பு ஒழுங்காக நடந்தால் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் என்று உறுதியாகச் சொல்லலாம். வகுப்புக்குள் கட்டுப்பாடும் வரும். அது வீட்டுக்கும் பள்ளிக்கும் நடந்து வருமா என்பது சந்தேகத்துக்குரியது. பல பிள்ளைகள் டோஜோவில் (பயிற்சிக் கூடத்தில்) சாது, வீட்டில் சூறாவளி. மதிப்பெண் ஏறும், மொபைல் பழக்கம் விடும் என்ற வாக்குறுதிகளுக்கு அடிப்படை இல்லை. கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் ஏடிஎச்டி அளவுக்கு இருக்கலாம் என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுவதற்குப் பதிலாக வகுப்பில் சேர்க்காதீர்கள். அதோடு கூடச் சேர்க்கலாம், மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள். மகள் வெளியே எங்கேயுமே பேசாமல், பள்ளியிலும் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் கேட்பது நல்லது. அது கூச்சம்தானா என்று என்னால் சொல்ல முடியாது.

தற்காப்பு என்ற சொல்லும் எதிர்பார்ப்பை ஏற்றிவிடுகிறது. எட்டு வயதுப் பெண் எந்தக் கலையைக் கற்றாலும் வளர்ந்த ஆளை அடித்து வீழ்த்த முடியாது. முடியும் என்று அவளை நம்பவைக்கும் வகுப்பு ஆபத்தானது. அந்த வயதுக்கு உண்மையான தற்காப்பு, யாராவது கையைப் பிடித்தால் பிடித்தவரின் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவிக்கொள்வது, தயங்காமல் கத்துவது, ஆள் இருக்கும் பக்கம் ஓடுவது, நடந்ததை வீட்டில் சொல்வது. இந்த நான்கும் ஒரு தொடராகப் பயிற்சியில் வர வேண்டும். பெரும்பாலும் முதலாவதை மட்டும் சொல்லித்தந்து நிறுத்திவிடுகிறார்கள். கத்தும் பழக்கம்தான் உங்கள் மகளுக்கு நேரடி லாபம்.

பெல்ட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை நிறங்களின் வரிசை பாணிக்குப் பாணி மாறும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தேர்வு என்பது இங்கே வழக்கம். பிள்ளைக்கு அது நல்ல மைல்கல், ஒரு நிபந்தனையோடு: தேர்வில் தோற்க முடிய வேண்டும். யாருமே தோற்காத தேர்வு வசூலுக்காக நடப்பது. அதில் கிடைக்கும் பெல்ட் தரும் நம்பிக்கை, வேறு வகுப்புப் பிள்ளையோடு முதல்முறை குமித்தே (இருவர் மோதும் பயிற்சி) செய்யும்போது கிழிந்துவிடும். தோற்ற பிள்ளையிடம் எந்த அசைவு ஏன் போதவில்லை என்று மாஸ்டர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் மறுவாய்ப்பு தர வேண்டும். இரண்டு வருடத்தில் கறுப்பு பெல்ட் என்று விளம்பரம் செய்பவர்களிடமிருந்து விலகியிருங்கள். டேக்வாண்டோவில் குக்கிவோன் நிறுவனம் பதினைந்து வயதுக்குக் கீழே ‘டான்’ என்ற கறுப்பு பெல்ட் தகுதியைத் தருவதில்லை, ‘பூம்’ என்ற சிறுவர் தகுதிதான் தருகிறது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிலம்பத்துக்கு மரபில் பெல்ட் கிடையாது. சில வகுப்புகள் கராத்தேயைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டன.

இங்கே ஒரு வியாதி பரவியிருக்கிறது, சாதனை வியாதி. பிள்ளையின் வயிற்றில் ஓடு வைத்து உடைப்பது, விரல்கள் மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவது, கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்கில் கம்பு சுற்ற வைத்துச் சான்றிதழ் வாங்குவது. இவற்றில் கலையும் இல்லை, ஒழுக்கமும் இல்லை. வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பு இருக்கும்; அங்கே அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். ஓடு உடைப்பதைப் பதின்ம வயது முடியும்வரை தொடவே வேண்டாம். காலை அகட்டி உட்கார வைத்து மாஸ்டர் தொடைமேல் ஏறி நிற்பதும் இதே ரகம். தசை கிழிந்தால் மாதக்கணக்கில் நொண்ட வேண்டியதுதான். குமித்தே என்றால் ஆரம்பத்தில் தொடாத வகை. தலைக்கவசம் போட்டிருக்கிறான், அடித்துக்கொள்ளட்டும் என்பது தவறான கணக்கு. தலைக்கவசம் மண்டைக் காயத்தைக் குறைக்கலாம், மூளை அதிர்வைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தடுமாற்றம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதிலிருந்து பெற்றோர்களின் பேச்சில் பதக்கமும் ஒதுக்கீடும் அடிக்கடி வருகின்றன. ஆறு வயதில் அந்தக் கணக்கைப் போட்டால் ஒழுக்கம், தைரியம் என்று நீங்கள் தேடி வந்தது பின்னுக்குப் போய்விடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். உடையை, கம்பை, தண்ணீர் பாட்டிலைப் பிள்ளையே எடுத்து வைக்கட்டும். மறந்தால் மறந்ததுதான், நீங்கள் பின்னாலேயே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேருங்கள், தாமதமாக நுழையும் கூச்சக்காரி அன்றைக்கு முழுவதும் சுருங்கியே இருப்பாள். வகுப்பில்லாத நாளில் ஐந்து நிமிடம், ஒரே நேரத்தில், கடைசியாகக் கற்ற ஓர் அசைவு. இரண்டு வாக்கியங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, “இரு, மாஸ்டர்கிட்ட சொல்றேன்”. அது மாஸ்டரைப் பூச்சாண்டி ஆக்கிவிடும். மற்றது, “சேட்டை பண்ணினா கிளாஸ் கட்”. அது அவனை நிதானப்படுத்தும் ஒரே இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

எவ்வளவு நாள் என்பதற்கு வருகிறேன். சொல்லாமலேயே வரிசையில் நிற்பது, உடையைச் சரிசெய்துகொள்வது போன்றவை நாலைந்து வாரத்தில் தெரியும். இரண்டாவது மாதம் ஒரு தொய்வு வரும். புதுமை தீர்ந்து, முன்னேற்றம் மெதுவாகத் தெரியும் கட்டம் அது. “வயிறு வலிக்குது, இன்னைக்கு வேண்டாம்” என்று ஆரம்பிப்பது பெரும்பாலும் அப்போதுதான். மாஸ்டரிடம் பேசி, ஒரு புது அசைவோ சின்னப் பொறுப்போ கொடுக்கச் சொன்னால் கடந்துவிடலாம். ஆனால் குறிப்பிட்ட ஓர் ஆளின் பெயரைச் சொல்லி மறுத்தால் அல்லது காரணமே சொல்லாமல் அழுதால் வற்புறுத்தாதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத வகுப்பு எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். வீட்டில் மாற்றம் வருவதாக இருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம். ஞாபகத்தை நம்பாமல், சேர்க்கும் நாளன்றே இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: மகனை வீட்டுப்பாடத்துக்கு எத்தனை முறை கூப்பிட வேண்டியிருக்கிறது, மகள் கடையில் தானாக என்ன கேட்டாள். மாதம் ஒருமுறை அதே இரண்டை மட்டும் மறுபடி எழுதுங்கள். ஆறு மாதத்தில் இரண்டுமே நகரவில்லை என்றால் வகுப்பை மாற்றலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் என் பரிந்துரை இப்படி. மகனைக் கராத்தேயில் சேருங்கள். கம்பு கையில் வந்தால் முதலில் அக்காவைத்தான் அடிப்பான், ஏழு எட்டு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாத்தியார் கம்பு தராமல் காலடியே சில மாதம் பழக்குவார் என்றால் சிலம்பமும் சரிதான். மகளுக்கு இரண்டும் பொருந்தும், அவளையே இரண்டு வகுப்பிலும் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கவிட்டு முடிவைக் கேளுங்கள். இருவரையும் ஒரே நேர வகுப்பில் போடாதீர்கள், தம்பி சேட்டைக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு வந்துவிடும். போய்ப் பார்க்கும் அன்று ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு பத்து நிமிடம் கடிகாரத்தைப் பிடியுங்கள். அதில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக அசைந்தால் வேறு இடம் தேடலாம். ஒரு மாஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் என்றால் உதவிக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். கம்புகளை வாங்கிக் கையால் தடவிப் பாருங்கள். மூங்கில் பிளந்திருந்தால் சிலாம்பு கையைக் கிழிக்கும், பிரம்பு அவ்வளவாகப் பிளக்காது. கட்டணத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சீருடை இலவசம் என்றால், சீருடையைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளுங்கள்.